இடது பக்கக் குழாய்

குணேஸ்வரிக்கு இடது கண் இல்லை. அந்த இடத்தில் இருப்பது கண்ணாடிக்கண். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெற்ற பிள்ளையே மறந்துபோன விஷயத்தை வாசிக்கிறவர்களாவது ஞாபகத்தில் வைத்திருக்கட்டும்.

அவள் வன்னிக்காரி. கீர்த்திகன் சின்னப்பிள்ளையாய் இருக்கையில் ஒருநாள் கிணற்றடியில் வைத்து அவனுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். செல் குண்டு ஒன்று கூவிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் கீழே போட்டு, தான் மேலே கவிழ்ந்தாள். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. முழங்கையில் கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். அவளுக்குக் கண் போயிற்று. பிறகு இடம்பெயர்ந்து, திரும்பவும் இடம்பெயர்ந்து, புருஷன் சிவகுருவின் ஒன்றுவிட்ட தமக்கை ஒருத்தி புத்தளப் பக்கம் முந்தலில் கலியாணம் முடித்திருந்தபடியால் அங்கே வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

கண்ணாடிக்கண் கொழும்பில் வைத்தது. நல்ல வேலை. தெரியாதவர்கள் பார்த்தால், இந்த மனுசி ஏன் ஒரு பக்கமாய் முறைக்கிறாள் என்று நினைப்பார்களே தவிர, கண் இல்லையென்று சொல்லமாட்டார்கள். இரவில் கழற்றிக் கழுவித் துணியில் பொதிந்து வைப்பாள். விடிய எழும்பினால் முதல் வேலை அதைப் போடுவது. தேத்தண்ணி கூடப் பிறகுதான்.

ஒற்றைக்கண்ணோடு இருப்பதில் வலியை விடக் கரைச்சல் என்னவென்றால், எது கிட்ட, எது தூர என்று தெரியாது. தேத்தண்ணியை ஊற்றினால் கோப்பைக்குப் பக்கத்தில் விழும். ஊசியில் நூல் கோர்க்க வெளிக்கிட்டால் அரை நாள் போய்விடும். இடது பக்கத்தால் வருகிறது மாடா, மோட்டார் சைக்கிளா என்று முட்டிய பிறகுதான் விளங்கும். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் மருந்தாக இருந்தவன் கீர்த்திகன். ஏழு எட்டு வயசுப் பொடியன். சிலாபம் புத்தளம் றோட்டில் நடக்கும்போது எப்போதும் அவளுடைய இடப்பக்கம்தான் நடப்பான். "அம்மா, பஸ். அம்மா, நாய். அம்மா, பள்ளம்," என்று சொல்லிக்கொண்டே வருவான். வலப்பக்கம் வா என்று கூப்பிட்டாலும் வரமாட்டான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் "ஒற்றைக்கண்ணியின்ர மகன்" என்று சொன்னதற்குக் கல்லால் எறிந்து மண்டையை உடைத்துவிட்டு வந்தவன் அவன். அன்றைக்குச் சிவகுரு அவனுக்கு அடித்தார். குணேஸ்வரி அடிக்கவில்லை. குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பாணில் சீனி வைத்துக் கொடுத்தாள்.

பிள்ளை வளர்கிற காலம் முழுக்க அவளுக்கு இறால் பண்ணையில் வேலை. களப்போரம், அந்த உப்புத்தண்ணி ஏரிக்கரையில், வரிசையாக வெட்டிய குளங்கள். மற்றப் பெண்கள் தீன் போடுவார்கள், வலை கழுவுவார்கள். அவளுக்கும் மர்ளியாவுக்கும் கொடுத்த வேலை பறவை கலைக்கிறது. மர்ளியா, தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரில் இருந்து வெளிக்கிட்ட குடும்பம். இரண்டு பேரும் அகதி, இரண்டு பேருக்கும் வாய் நீளம், ஒத்துப்போயிற்று. நீர்க்காகம் வந்தால் இறாலை விழுங்கும். காகம் வந்தால் ஒரு குளத்தில் செத்ததைத் தூக்கி மற்றக் குளத்தில் போட்டு நோயைப் பரப்பும். ஆகையால் வரம்பில் நின்று எண்ணெய்த் தகரத்தில் தடியால் அடிக்கவேண்டும். அதுவும் சரிவராவிட்டால் சீனவெடி. காலையில் இருந்து பொழுதுபடும்வரைக்கும் டங்கு டங்கென்று அடித்து அடித்து, வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள் அந்தச் சத்தம் கேட்டபடி இருக்கும். பறவை என்றாலே அவளுக்கு வெறுப்பு. "கோதாரியில போற கொக்குகள்" என்பதுதான் அவள் அவற்றுக்கு வைத்த பெயர். எல்லாமே கொக்குத்தான்.

பிறகு இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. பண்ணை படுத்தது. முதலாளி மோட்டார்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனான். குளங்களில் மழைத்தண்ணி நின்றது, புல் முளைத்தது, பறவைகள் வந்து இருந்தன. கலைக்க ஆளில்லை. காவல் கொட்டில் சரிந்தபடி நின்றது. அதில் தொங்கிய தகரத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

கீர்த்திகன் பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போனான். போனதைப் பற்றி நீட்டத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மாதத்தில் ஒருக்கால் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களோ, மருந்து போடுறீங்களோ, அப்பா எங்க, சரியம்மா பிறகு எடுக்கிறன்." அந்தப் "பிறகு" அடுத்த மாதம் வரும். மதுசாவைக் கலியாணம் முடித்தபோதும் போனில்தான் பார்த்தார்கள். பெண் நல்ல பெண், அங்கேயே பிறந்தவள், மாமி மாமி என்று கதைப்பாள். ஆனால் என்ன கதைக்கிறது? மூன்றாவது நிமிசத்தில் இரண்டு பக்கத்திலும் வார்த்தை தீர்ந்துவிடும். குணேஸ்வரி போனைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். கண்ணாடிக்கண் முறைப்பது படத்தில் தெரியக்கூடாது என்று பழகிக்கொண்ட பழக்கம் அது. அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம்.

போன வருசம் மாரிக்குப் பிறகு ஒருநாள் அவள் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். அவன் திடீரென்று கத்தினான்.

"அம்மா, அசையாதேங்கோ! உங்களுக்குப் பின்னால நிக்கிறது என்ன?"

"அது பக்கத்து வீட்டு மாடு."

"மாடில்ல அம்மா. அங்கால, தண்ணிக்குள்ள, நீட்டுக் காலோட."

"ஓ, அதோ. அது கொக்கு."

"அம்மா! அது கொக்கில்ல! கரண்டிவாயன்! சொண்டைப் பாருங்கோ, அகப்பை மாதிரி!"

கொரோனாவுக்கு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலத்தில் அவனுக்குப் பறவை பார்க்கிற விசர் பிடித்ததாம். யன்னலால் பார்க்கத் தொடங்கி, இப்போது சனி ஞாயிறில் காடு மேடெல்லாம் திரிகிறானாம். இதெல்லாம் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவன் முக்கால் மணித்தியாலம் கதைத்தான். போனை வைத்த பிறகு குணேஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள். பன்னிரண்டு வருசத்தில் அவன் இவ்வளவு கதைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு விடியவே எடுத்தான். அதற்கடுத்த ஞாயிறும். அங்கே சனிக்கிழமை இரவு, இங்கே ஞாயிறு காலை. அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய பண்ணை வரம்பில் நடப்பாள். அவன் அங்கேயிருந்து, "அம்மா வலப்பக்கம் திருப்புங்கோ, கிட்டப் போகாதேங்கோ, மெல்ல மெல்ல" என்று சொல்லுவான். தகரம் அடித்த அதே வரம்பு. மர்ளியா கண்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அல்லாவே! தகரம் அடிச்சிக் கலச்ச மனுசி, இப்ப சத்தம் போடாதீங்க, பறவ பறந்துரும்னு எனக்குச் சொல்லுது!"

"சிரியும், சிரியும். என்ர பிள்ளை என்னோட கதைக்குது. உமக்கென்ன?"

சும்மா சொல்லக்கூடாது, பறவையில் அவளுக்கு இப்போதும் ஒரு நாட்டமும் கிடையாது. நாட்டமெல்லாம் அந்தக் குரலில். "அம்மா, பூநாரை வருமே உங்க? களப்பில தண்ணி வத்தினால் வரும். வந்தால் உடன எடுங்கோ. நான் நித்திரையெண்டாலும் எழுப்புங்கோ, வேலையில நிண்டாலும் எடுங்கோ, சரியோ?" என்று அவன் கேட்டபோது, அவளுக்கு அந்த நித்திரையை எழுப்புகிற உரிமை கிடைத்ததுதான் பெரிது. பூநாரை சிவப்பா வெள்ளையா என்று கூட அவள் கேட்கவில்லை.

அப்படியிருக்க, ஒரு ஞாயிறு அவன் சொன்னான்: "அம்மா, போனில பார்த்துச் சரிவராது. உங்களுக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கி அனுப்பப்போறன்."

குணேஸ்வரி சிரித்தாள். இந்தா, இப்போது அவனும் சிரிப்பான், "அட, நான் ஒரு மடையன்" என்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லவில்லை. எந்தச் சாமான் நல்லது என்று தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சிவகுரு பின்னுக்கு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். றோட்டோரத்தில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்த மனிதன், முழங்கால் ஏலாமல் போய் இப்போது வீட்டோடு.

"சொல்லன் அவனுக்கு. வாயில என்ன கொழுக்கட்டையே?"

"நான் ஏன் சொல்லவேணும்? அவனுக்குத் தெரியாத விஷயமே?"

"மறந்திருப்பானப்பா."

"மறக்கிற சாமானே இது?"

அவளுக்குள் இரண்டு விதமான பயம். சொன்னால் அவன் வெட்கப்பட்டுப் போவான். வெட்கப்பட்டவன் பிறகு முகம் கொடுக்கமாட்டான், சின்ன வயசிலேயே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். சொல்லாமல் விட்டாலோ, அவன் தானாக நினைக்கிறானா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்தத் தெரிதல்தான் இன்னும் பயம். ஆனாலும் சொல்லமாட்டேன் என்று அவள் பிடித்த பிடியை விடவில்லை. என்ர பிள்ளை, அவனே நினைக்கட்டும்.

அவன் நினைக்கவில்லை. ஆனால் தேடினான், அடடா, என்ன தேடல்! கலியாணத்துக்குப் பெண் பார்த்தபோது கூட அவன் இவ்வளவு யோசித்திருக்கமாட்டான். போனில் குரல்பதிவு மேல் குரல்பதிவாக வந்து விழுந்தது. எட்டுக்கு நாற்பத்திரண்டு நல்லதாம். எட்டு என்றால் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், நாற்பத்திரண்டு என்பது முன் கண்ணாடியின் அகலமாம்.

"பன்னிரண்டு இருக்கெண்டும் சொல்லுறான். பெரிசை விட்டிட்டு ஏன் சின்னதை வாங்கிறான்?" என்று சிவகுரு கேட்டார். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. பெரிதாக்கப் பெரிதாக்கக் கை நடுக்கமும் பெரிதாகுமாம். அம்மாவின் கைக்கு எட்டுக்கு மேல் கூடாதாம். பாரம் கூடினால் கழுத்து நோகுமாம். புத்தளத்து உப்புக்காற்றுக்கு உள்ளே பூஞ்சணம் பிடிக்குமாம், ஆகையால் தண்ணி புகாததாய் இருக்கவேண்டுமாம். அம்மாவின் கையை நினைத்தான், கழுத்தை நினைத்தான், ஊர்க் காற்றைக் கூட நினைத்தான்.

ஒருநாள், "அம்மா, நீங்கள் கண்ணாடி போடுறனீங்களெல்லோ? அப்பக் கண் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் முழுசாத் தெரியிற மாதிரி ஒண்டு எடுக்கவேணும்," என்றான்.

"பார்த்தீங்களே," என்றாள் குணேஸ்வரி புருஷனிடம். "மூக்குக்கண்ணாடி ஞாபகம் இருக்கு."

அவள் அதைச் சொன்ன விதத்தில் சிவகுரு எழும்பி வெளியே போய்விட்டார்.

அடுத்ததாகத்தான் அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்மணிக்கும் இடையில் தூரம் வித்தியாசமாம். குழாய் இரண்டும் அந்த அளவுக்கு ஒடுங்கவேண்டுமாம். "ஒரு அடிமட்டத்தைப் பிடிச்சு அளந்து சொல்லுங்கோ அம்மா. கண்ணாடிக்கு முன்னால நிண்டு."

இந்தா, இதில் தட்டுப்படாமல் போகாது என்று அவள் நினைத்தாள். இரண்டு கண்மணி என்று தன் வாயால் சொல்கிறான். சொல்லும்போது ஒரு கணம் தடக்காதோ? குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். தடக்கவில்லை. வெளிச்சமான குரல், சந்தோசமான குரல்.

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அடிமட்டத்தை மூக்கின் மேல் வைத்தாள். வலது கண்மணி அடிமட்டத்தைப் பார்க்கக் கீழே உருண்டது. இடது நேரே பார்த்தபடி நின்றது. அது எங்கே பார்க்கிறது என்று அதற்கே தெரியாது. உயிருள்ள ஒன்றுக்கும் உயிரில்லாத ஒன்றுக்கும் இடையில் தூரம் அளந்துகொண்டு நிற்கிறேனே, எனக்கு என்ன விசரா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அளந்தாள். அளந்து அனுப்பினாள்.

"சுப்பர் அம்மா! சரியான அளவு. எல்லாருக்கும் இருக்கிற மாதிரித்தான்," என்று பதில் வந்தது.

எல்லாருக்கும் இருக்கிற மாதிரித்தான். அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. சிவகுரு கடையில் பாண் வாங்கிக்கொண்டு வந்து தானே பருப்பைச் சூடாக்கிச் சாப்பிட்டார்.

மர்ளியாதான் ஒரு வழி சொன்னாள். அவளுடைய மருமகன் கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிறவன். ஒருத்தன் ஒற்றைக் குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்ததை அவன் கண்டானாம். "உங்களுக்கெண்டே செஞ்ச மாதிரி ஈக்குது அக்கா. அதக் கேளுங்க. கண்ணப் பத்திச் சொல்லவே வேணாம்."

குணேஸ்வரிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அடுத்த ஞாயிறு, சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டாள். "தம்பி, ஒற்றைக் கண்ணால பாக்கிறதுக்கு ஒரு குழாய் இருக்காமே? பாரமும் குறைவாம். அது காணும் எனக்கு."

"ஐயோ அம்மா, அது சின்னப்பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான். ரெண்டு கண்ணாலயும் பார்த்தால்தான் ஆழம் தெரியும், தூரம் தெரியும். ஒற்றைக் கண்ணால பாக்கிறதெல்லாம் ஒரு பார்வையே?"

அவன் சொன்னது உண்மைதான். அதை அவளை விட யாருக்குத் தெரியும்? "ஓம் ராசா," என்றாள். "நீ சொன்னால் சரி."

பெட்டியை மதுசாவின் சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்தார். முந்தல் சந்தியில் வான் ஓடுகிற வின்சன்ட் கட்டுநாயக்காவில் அவரை ஏற்றப் போனவன், பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்தான். உடைக்கக் கூடாது என்று கீர்த்திகனின் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை, வரம்பில் வைத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்க உடைக்கவேண்டும். ஞாயிறு வரும்வரைக்கும் இரண்டு நாள் அது அலுமாரிக்கு மேல் இருந்தது. குணேஸ்வரி ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வலது கண்ணால் பார்க்கிறது. "ஓம், வடிவாத் தெரியுது" என்கிறது. முடிந்தது. வாய்க்குள் இரண்டு தரம் சொல்லியும் பார்த்துக்கொண்டாள். பிள்ளை தாய்க்கு மினக்கெட்டுத் தேடி வாங்கிய சாமான். அவன் மனம் நோகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை போகக்கூடாது.

ஞாயிறு வந்தது. சிவகுரு போனைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்றார். திரையில் கீர்த்திகனும் மதுசாவும் ஒரே சோபாவில். குணேஸ்வரி பெட்டியை உடைத்தாள். கறுப்பு, நல்ல கனதி, புது றப்பர் மணம். வாரைக் கழுத்தில் போட்டாள். முன்னுக்கு இருந்த இரண்டு மூடியையும் கழற்றிச் சிவகுருவிடம் கொடுத்தாள், அவர் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். தண்ணிக்குள் ஏதோ நாலைந்து நீட்டுக்கால் நின்றன.

"வடிவா இருக்கு ராசா. நல்லாத் தெரியுது," என்று அவள் கண்ணில் வைக்க முதலே தொடங்கிவிட்டாள்.

"பொறுங்கோ அம்மா, பொறுங்கோ. முதல் அதை உங்கட கண்ணுக்கு ஏத்த மாதிரிச் சரிப்பண்ணவேணும். நான் சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ. வலது கண்ணை மூடுங்கோ. இடது கண்ணால மட்டும் பாருங்கோ. நடுவில இருக்கிற சில்லைச் சுத்துங்கோ, பறவை தெளிவாத் தெரியும்வரைக்கும். பிறகு மற்றக் கண்."

சிவகுரு இருமினார். குணேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. குழாயை முகத்தில் வைத்து, வலது கண்ணை மூடினாள்.

நித்திரைக்குத் தவிர அவள் அந்தக் கண்ணை மூடுவதில்லை. பட்டப்பகலில், வரம்பு விளிம்பில், எல்லாம் போய்விட்டது. தண்ணி இல்லை, வானம் இல்லை, புருஷன் இல்லை. செல் விழுந்த பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டி வைத்திருந்த நாட்களில் இருந்த அதே இருட்டு. அப்போது ஒரு சின்னக் கை அடிக்கடி வந்து அவளுடைய கன்னத்தைத் தொடும். "அம்மா, நான் நிக்கிறன்" என்று சொல்லும்.

"என்னம்மா தெரியுது?" என்று கேட்டது அதே பிள்ளையின் குரல்.

"இருட்டாக் கிடக்கு," என்றாள். வாயில் இருந்து தானாக வந்துவிட்டது.

"இருட்டோ?" அவன் சிரித்தான். "மூடி அம்மா, மூடி! இடப்பக்கத்து மூடியைக் கழட்டேல்லப் போல."

"மூடியெல்லாம் கழட்டியாச்சு தம்பி."

"இல்ல, வடிவாப் பாருங்கோ. கட்டாயம் மூடிதான். மதுசா, இஞ்ச பாருமன், அம்மா மூடியோட குருவி பாக்கிறா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. சின்னப்பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி நல்ல சிரிப்பு. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கிண்டல் பண்ணியிருந்தால் தாங்கியிருப்பாள்.

குழாயைக் கீழே விட்டாள். அது நெஞ்சில் மோதி ஆடியது. ஒவ்வொரு இரவும் செய்கிற மாதிரியே சுட்டுவிரலால் கீழ் இமையை இழுத்தாள். கண் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சிவகுருவின் கையில் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, உள்ளங்கையை அதற்கு நேரே நீட்டினாள். இந்தமுறை போனை வலப்பக்கம் திருப்பவில்லை.

"இந்தா மூடி. கழட்டிப்போட்டன். இனித் தெரியுமோ எண்டு நீ சொல்லு."

"ஐயோ!" என்றாள் மதுசா. கீர்த்திகன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சிரிப்பு இன்னும் முழுதாய்ப் போகாமல் ஓரத்தில் நின்றது. "அம்மா," என்றான். பிறகு படம் அப்படியே நின்று, திரை கறுத்துப் போயிற்று.

"லைன் விட்டிட்டுது," என்றார் சிவகுரு.

"ஓம். லைன்தான்," என்றாள் குணேஸ்வரி.

அன்று முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எடுப்பான். அழுவான். "அழாதை ராசா, நீ என்ன வேணுமெண்டே செய்தனீ" என்று சொல்லவேண்டும் என்று வைத்திருந்தாள். இல்லாவிட்டால் கோபப்படுவான், "ஏன் முதலே சொல்லேல்ல" என்று கத்துவான். அதற்கும் பதில் வைத்திருந்தாள். எதற்கும் தேவை வரவில்லை. அடுத்த ஞாயிறு மதுசாவிடம் இருந்து ஒரு வரி வந்தது: "மாமி, இவருக்கு வேலை கூட. பிறகு எடுப்பார்." அந்தப் பழைய "பிறகு."

"நான் சொல்லியிருக்கக் கூடாது," என்று அவள் புருஷனோடு சண்டை பிடித்தாள்.

"நீ செய்தது சரிதான்."

"சரியெண்டால் ஏன் அவன் எடுக்கேல்ல? சொல்லுங்கோ பாப்பம்! நீங்கள்தானே முதல் சொல்லு சொல்லு எண்டு நிண்டனீங்கள்!" சிவகுரு எழும்பினார், பாவம். முற்றத்தில் போய் இருந்து பழுது ஒன்றுமில்லாத சைக்கிள் ஒன்றைத் துடைத்தார்.

ஞாயிறுகள் போயின. தண்ணி வற்றியது. ஒருநாள் விடியற்காலையில் மர்ளியா படலையில் நின்று கூப்பிட்டாள். "அக்கா, ஓடி வாங்க! களப்புல றோஸ் கலர்ல குமிஞ்சி கெடக்குது!"

குணேஸ்வரி பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள். வரம்பின் முடிவில், களப்பு தொடங்குகிற இடத்தில், நிறைய நின்றன. வலப்பக்கக் குழாயைக் கண்ணில் வைத்துச் சில்லைச் சுற்றினாள். அவன் தேர்ந்தெடுத்த சாமான் நல்ல சாமான்தான், அதில் பிழை சொல்ல ஏலாது. ஒவ்வொரு இறகும் தெரிந்தது. வளைந்த சொண்டின் நுனிக் கறுப்புத் தெரிந்தது. தலையைத் தலைகீழாய்த் தண்ணிக்குள் விட்டு அரித்து அரித்துத் தின்றன. என்ன வடிவு, கடவுளே, என்ன வடிவு. இத்தனை வருசம் பறவைகளுக்கு நடுவே நின்றவள், முதல் தரம் ஒரு பறவையைப் பார்த்தாள்.

உடனே எடுத்தாள். நித்திரையெண்டாலும் எழுப்பச் சொன்னவன். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். ஓய்ந்தது. வேலையில் நின்றாலும் எடுக்கச் சொன்னவன். மூன்றாம் தரமும் எடுத்தாள். பிறகு போனாலேயே ஒரு படம் எடுத்து அனுப்பினாள். சாம்பல் தண்ணியில் இளஞ்சிவப்பாய் ஒரு கறை, வேறு ஒன்றும் விளங்காத படம். கீழே, "பூநாரை வந்திட்டுது ராசா" என்று ஒவ்வொரு எழுத்தாய்த் தேடிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு சரியும் நீலமாயின. பார்த்துவிட்டான். அவள் போனைக் காதுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பெருவிரல் வந்தது. மஞ்சள் நிறத்தில் நிமிர்ந்த ஒரு பெருவிரல். அவ்வளவுதான்.

குணேஸ்வரி போனைச் சட்டைக்குள் வைத்தாள். திரும்பி, சரிந்த காவல் கொட்டிலுக்கு நடந்தாள். தகரம் அங்கேயே தொங்கியது, ஒரு பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கழற்றி எடுத்து, கிடந்த தடி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, வரம்பின் முடிவுக்குப் போய் ஓங்கி அடித்தாள். டங்கு டங்கென்று களப்பு முழுக்க இரைந்தது. பூநாரைகள் கழுத்தை நீட்டின, தண்ணியில் ஓடின, எழும்பின. சிறகின் உள்பக்கம் இன்னும் கடும் சிவப்பு.

மர்ளியா பதறி ஓடி வந்தாள். "என்னக்கா செய்றீங்க? ஏன் கலைக்கிறீங்க? பாவம், அதுகள் என்ன செஞ்சிச்சு உங்களுக்கு?"

"அதுகள் ஒண்டும் செய்யேல்ல," என்றாள் குணேஸ்வரி. "காட்டுறதுக்கு ஆளில்லை."

களப்பு வெறுமையாகும்வரைக்கும் அடித்தாள்.